பதவி உயர்வு கிடைத்தும் நிம்மதி இல்லை!

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

குன்னூரில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். வயது 25. டீத்தூள் பாக்கெட், ஹோம்மேட் சாக்லேட் பெட்டி, தைல பாட்டில் லேபிள், இதெல்லாம்தான் எங்கள் வேலை. சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சீனியர் டிசைனர், இப்போது டீம் லீட். ஊரில் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. "இவளுக்கு ஒன்றுமே தெரியாது" என்று என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

டீமில் ஓர் அண்ணன் இருக்கிறார். சிவகாசி அச்சகங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கு வேலை கற்றுத் தந்தவரே அவர்தான். யூகலிப்டஸ் தைலம் சொட்டினால் லேபிள் மை கரையும், லேமினேஷன் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். இது தெரியாத நான் அவருக்கு லீடா? முன்பெல்லாம் "என்னம்மா" என்பார். சாக்லேட் பெட்டி வேலை முடிந்ததிலிருந்து "சொல்லுங்க மேடம்" என்கிறார். குத்துகிறது.

முதலாளி எந்தப் பயிற்சியும் தரவில்லை. "நீ பாத்துக்குவே" என்றார், அவ்வளவுதான். நான் போனால் டீ நேரத்துப் பேச்சு நின்றுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்பதில்லை. அவர்கள் அனுப்பும் ஃபைல் எதுவும் நான் நினைத்த மாதிரி இருக்காது, ராத்திரி உட்கார்ந்து நானே மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன். அண்ணன் செய்ததையும் சில நேரம் அப்படித்தான். அது என் வேலை, விடுங்கள். ஆனால் "மேடம்" என்று ஒதுக்கும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

"கெடச்சத கெட்டியா புடிச்சுக்கோ" என்கிறார் அம்மா. எனக்குப் பழைய வேலையே போதும் என்றிருக்கிறது. பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

அன்புள்ள மகளுக்கு,

முதலாளி, டீ நேரம், அம்மா எல்லாவற்றையும் ஓரமாக வைக்கிறேன். "விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன வரியை என்னால் விட முடியவில்லை. மூன்று பேர் செய்த வேலையை, அவர்களிடம் சொல்லாமல் இரவில் மாற்றி அச்சுக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் பயத்துக்குத் தீனி போடுவதே அதுதான்.

"தகுதியில்லாமல் வந்துவிட்டோம், மாட்டிக்கொள்வோம்" என்ற இந்தப் பயத்தை 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், சாதித்த பெண்களிடம் கண்டு எழுதினார்கள். இது நோய் அல்ல. பயத்தில் தேவைக்கு மேல் உழைப்பீர்கள். வேலை நன்றாக வரும். "கண் விழித்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதும். அடுத்த வேலைக்கும் பயம் அப்படியே நிற்கும். உங்கள் கை படாமல் ஒரு பெட்டிகூட அச்சுக்குப் போகாதவரை, உங்களால் டீமை நடத்த முடியுமா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, உங்களுக்கும்கூட.

கோபப்படாதீர்கள், இதில் நான் அந்த மூன்று பேர் பக்கம். தான் செய்த பெட்டி கடையில் வேறு மாதிரி நிற்பதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை எதற்கு உங்களிடம் சந்தேகம் கேட்கும்? எப்படியும் மாறத்தானே போகிறது! "சாக்லேட் பெட்டி முடிந்ததிலிருந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் செய்த அந்தப் பெட்டியை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், உங்கள் பதவியைவிட அதுதான் அவரைப் புண்படுத்தியிருக்கும்.

தைல லேபிளை உங்களுக்கு எதிரான சாட்சியாக்காதீர்கள். தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு அதன்படி வேலையை முடிப்பதும் லீடின் வேலைதான். வரைவது ஒரு திறமை, வரைபவர்களிடம் வேலை வாங்குவது வேறு. முதலாவதில் கெட்டிக்காரி, இரண்டாவதில் நிஜமாகவே புதியவர். அந்தக் குறையை நீங்கள் சரியாகத்தான் உணர்கிறீர்கள். அதற்குப் பெயர் ஏமாற்று இல்லை. ஆனால் பயம் வந்ததும் தெரிந்த வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறீர்கள்.

வேலை தொடங்கும் முன் எழுதிக் கொடுங்கள்: யார் வாங்குவார்கள், எந்த அலமாரியில் நிற்கும், முதலில் கண்ணில் பட வேண்டியது எது. கறுப்பு-வெள்ளை ரஃப் நிலையிலேயே ஒருமுறை பாருங்கள். முழுதும் முடிந்தபின் பார்த்தால் கைவைக்கத்தான் தோன்றும். பிறகு அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, மடித்து நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி எல்லோருமாக நின்று பாருங்கள். "பெயரை இடது பக்கம் நகர்த்து" என்னாமல், "இங்கிருந்து பெயர் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். வழியை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

தப்பு வேறு, ரசனை வேறு. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டி வைக்கும் அச்சு) விடவில்லை, உணவுப் பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணில் 14 இலக்கம் இல்லை என்றால் அது தப்பு. பொடி எழுத்தை நான்கு கலர் கலந்த கறுப்பில் வைத்திருந்தாலும் தப்புதான். கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தம் (ரிஜிஸ்டர்) கொஞ்சம் விலகினாலே ஓரத்தில் கலர் நிழல் தட்டும், தனிக் கறுப்பில் வைக்க வேண்டும். இவற்றை, காரணம் சொல்லி, செய்தவரிடமே திருப்பி அனுப்புங்கள். பச்சை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமே என்பது உங்கள் ரசனை. அதை விட்டுக்கொடுங்கள். முதல் சில பெட்டிகள் நீங்கள் செய்ததைவிடச் சுமாராகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். "உங்களைக் கேட்காமல் மாற்றினேன், இனி மாட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள், காரணம் அடுக்க வேண்டாம். அச்சுக்கு முந்தைய கடைசிச் சரிபார்ப்பை அவர் பொறுப்பில் விட்டு, அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

பதவியை இப்போது திருப்பிக் கொடுத்தால் பயத்தில் கொடுத்ததாகத்தான் ஆகும். உங்கள் கை படாமல் நாலைந்து வேலைகள் அச்சேறட்டும். அதற்குப் பிறகும் வரைவதில்தான் மனம் நிற்கிறது என்றால், டீம் பொறுப்பு இல்லாத சீனியர் டிசைனராகவே, அதற்கேற்ற சம்பளத்தில் இருக்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.