இரண்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும்

கேள்வி: ஏலத்தோட்ட அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன், மே மாதம் ஓய்வு பெறுகிறேன். செப்டம்பரில் தோழியர் மூவருடன் பிரான்ஸ் போகிறோம். அங்கே ஒரு கிராமத்து உணவகத்தில் மதிய விருந்தாக என் ஓய்வைக் கொண்டாட ஆசை. மற்ற மூவரும் எல்லாம் சாப்பிடுவார்கள், நான் சைவம். எனக்கு மட்டும் வெறும் ரொட்டியோடு விருந்து முடிந்துவிடுமோ?
(ஒரு வாசகி, குமுளி)

பதில்: அப்படி முடியாது, சகோதரி. ஆனால் நேரத்தையும் முன்பதிவையும் அலட்சியம் செய்யாதீர்கள். நாங்கள் செய்துவிட்டுப் பட்டினி கிடந்தோம்.

2019 செப்டம்பரில் எங்கள் விடுதித் தோழி ஒருத்திக்கு அறுபது நிறைந்தது. நால்வரும் லியோன் நகரிலிருந்து ரயிலில் லு புய் ஆன் வெலே என்ற ஊருக்குப் போனோம். எரிமலைப் பாறை உச்சியில் ஒரு சிற்றாலயம், 268 படிகள். ஏறி இறங்கி, டாக்சி பிடித்துப் பக்கத்துக் கிராமத்து உணவகத்துக்குப் போனபோது மணி இரண்டேகால். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் எந்நேரமும் ஏதாவது கிடைக்கும் என்ற நினைப்போடு போய்விட்டோம். அங்கே மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். அதன்பின் சமையற்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். திங்கட்கிழமைகளில் பல உணவகங்கள் திறப்பதே இல்லை.

தங்கியிருந்த வீட்டு அம்மாள் அன்று மாலையே தொலைபேசியில் மறுநாளுக்கு மேசை பிடித்துத் தந்தார். நால்வரில் ஒருத்தி இறைச்சியும் மீனும் தொடமாட்டாள் என்பதையும் சொல்லிவிட்டார். அந்த ஒருத்தி நான்தான். நீங்களும் இப்படி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் இலைகளை மட்டும் நறுக்கித் தருவார்கள்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். உள்ளே நுழையும்போது 'போன்ழூர்' சொல்ல மறக்காதீர்கள். அது சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. அவர்கள் 'மெனு' என்பது குறித்த விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. தனித்தனியாகக் கேட்பதைவிட அதுவே மலிவு, விருந்துக்கும் ஏற்றது.

முதலில் வந்தது லு புய் பயறு. கரும்பச்சை நிறம், அதில் நீலக் கோடுகள், மிளகைப் போன்ற சிறிய மணிகள். வெந்தும் குழையவில்லை. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் கடுகு விழுதும் வினிகரும் சேர்த்துப் பிசிறியிருந்தார்கள். எரிமலை மண்ணில் உரமிடாமல் விளைவது. அந்த வட்டாரத்துக்கு வெளியே விளைந்ததற்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று 1996 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு பயறுக்கு ஒரு நாடு காட்டும் இந்த மதிப்பை நினைத்து எனக்குக் கண் நிறைந்தது. ஒன்று மட்டும்: இதே பயறைப் பன்றி இறைச்சித் துண்டுகளோடு சமைப்பதுதான் அங்கே வழக்கம். 'சான் லார்தோன்', அதாவது பன்றித் துண்டு இல்லாமல் என்று கேளுங்கள்.

அடுத்து எனக்கு அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பரிமாறியவர் கரண்டியைத் தூக்கத் தூக்க அது அறுபடாமல் முழ நீளத்துக்கு வந்தது. பிறந்தநாள்காரி எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்து முப்பது வருடம் இருக்கும்.

உங்கள் சைவம் கண்டிப்பானது என்றால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அங்கத்திய பாலாடைக்கட்டிகளில் பலவற்றை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். எனக்கு அது தெரியவந்தது சாப்பிட்ட பிறகுதான். நீங்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இனிப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டித் தட்டு, இனிப்புக்குப் பின்னால் காபி. எழுந்தபோது மூன்றரை. பில்லை நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவார்கள்; அதுவரை மேசை உங்களுடையது. அன்று மாலைக்கு வேறு எந்த ஊரையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒயின் வேண்டாம் என்றால் முகம் சுளிப்பார்களா?
(ஒரு வாசகர், புளியரை)

பதில்: சுளிக்கவே மாட்டார்கள். 'உய்ன் கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் குடுவையில் வரும், காசு இல்லை. ரொட்டிக்கும் காசு இல்லை. பரிமாறும் கூலி விலையிலேயே அடங்கிவிடும். மனம் நிறைந்தால் சில்லறை வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நம் பன்னீர் திராட்சை பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது என்கிறார்களே, அங்கே பார்த்தீர்களா?
(ஒரு வாசகி, கம்பம்)

பதில்: அதே விருந்தில் பார்த்தேன். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று கூடலூரில் என் அப்பா பந்தலடியில் நின்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று பாலாடைக்கட்டித் தட்டோடு ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை வந்தது. வாயில் போடும் முன்பே வாசனை வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து வாசனை. பெயர் கேட்டேன். 'முஸ்கா த ஆம்பூர்' என்றார் உணவகத்து அம்மாள், அதாவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற திராட்சை இனம். தெற்கே வாந்த்து மலையடிவாரத்தில் விளைந்ததாம். நம் பன்னீர் திராட்சையின் இனமும் அதுதான்.

கைப்பேசியில் எங்கள் பந்தல் படத்தைக் காட்டினேன். தலைக்கு மேலே கொத்துகள் தொங்குவதை அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆண்டுக்கு எத்தனை அறுவடை என்று சைகையில் கேட்டார். கவாத்து செய்து இரண்டாவது எடுப்போம் என்பதற்கு இரண்டு விரலை நீட்டினேன். அவர் தன் ஒற்றை விரலை நீட்டினார், அந்தக் கொத்தில் மீதியிருந்ததைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.