குரல் நடுவில் வந்து உட்கார வேண்டும்

கேள்வி: 10-க்கு 12 அடி ஹாலில் ஸ்டீரியோ வைத்திருக்கிறேன். பாடகரின் குரல் எப்போதும் வலப்பக்கமே சாய்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் கச்சேரி மேடை கண்முன் விரிவதே இல்லை. கடைக்காரர் ஆம்ப்ளிஃபையரை மாற்றச் சொல்கிறார். படம் இணைத்திருக்கிறேன். மாற்றலாமா?
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வையுங்கள். படத்தில் வலது ஸ்பீக்கரை ஒட்டி இரும்பு பீரோ நிற்கிறது; அதன் கண்ணாடியில் ஸ்பீக்கரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போதும் அப்படித் தெரிந்தால், ஒலியும் அங்கே மோதி உங்கள் காதுக்கு வருகிறது என்று பொருள். இடப்பக்கமோ திறந்த ஜன்னல். அங்கே படும் ஒலி தெருவுக்குப் போய்விடுகிறது. குரல் வலப்பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

நடுவில் ஸ்பீக்கரே கிடையாது. இரண்டிலிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் நம் மூளை அதை நடுவில் உட்கார வைக்கும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அவ்வளவு தூரம் ஒரு ஸ்பீக்கர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாலே குரல் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சோபாவும் வலது ஓரத்தில்தான் கிடக்கிறது.

பீரோவை உள்ளறைக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே ஆறடி, ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கும் ஆறடி என்று அளந்து வையுங்கள். ஸ்பீக்கர்களின் முகத்தைச் சற்றே உங்கள் பக்கம் திருப்புங்கள். டைல்ஸ் தரையில் கனமான விரிப்பு ஒன்று போடுங்கள்.

ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதுங்காவில் நான் குடியிருந்த முதல் வீட்டில், ஒரு ஜூலை மழையில் சுவர் ஓதமேறிவிட்டது. நனையக் கூடாதே என்று ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தேன். அன்றிரவு, பல வருடங்களாகக் கேட்டுவந்த அதே கச்சேரித் தட்டில், பாடகருக்குப் பின்னால் தம்பூரா தனியாக, தள்ளி ஒலித்தது. அதுவரை எல்லோரும் சுவரில் ஒட்டிய சித்திரம்போல ஒரே வரிசையில் இருந்தார்கள். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சுவர் காய்ந்த பிறகும் ஸ்பீக்கர்களைப் பின்னால் தள்ள மனம் வரவில்லை. சின்ன ஹாலில் இரண்டடி பெரிய இடம்தான்; கேட்கும் நேரத்துக்கு மட்டுமாவது இழுத்து வையுங்கள்.

சரிபார்க்க, ஸ்டீரியோவுக்கு முந்தைய பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள்; அதில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். குரல் சரியாக நடுவில், ஒரு கை அகலத்துக்குள் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் அடிநாதமும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு கம்பிகள் மாறியிருக்கின்றன. பிறகு, மேடையில் உள்ளபடியே பதிவான ஸ்டீரியோ கச்சேரி ஒன்று. பாடகரின் வலக்கைப் பக்கம் மிருதங்கம் உட்காருவது வழக்கம்; ஆகவே அது உங்களுக்கு இடப்பக்கம் கேட்க வேண்டும். வலப்பக்கம் கேட்டால், வித்வான் இடக்கைக்காரரா என்று அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். இல்லையென்றால் இடது, வலது கம்பிகளை மாற்றிச் செருகிவிடுங்கள்.