இரண்டு இதழ் வால்வும் தொட்டுப் பார்க்காத கால் நாடியும்

கேள்வி: மகனுக்கு 24 வயது. வேலைக்குச் சேரும்முன் எடுத்த எக்கோவில் பெருநாடி வால்வுக்கு இரண்டு இதழ்தான் என்று வந்திருக்கிறது. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி எதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் ‘இதயத்தில் ஓட்டை’ என்கிறார்கள்.

பதில்: ஓட்டை இல்லை. நம் ஊரில் பிறவி இதயக் கோளாறு எதுவானாலும் பெயர் ஓட்டைதான்! இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருநாடி. அதற்குள் ரத்தம் போகும் வாசலில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்குக் கருவிலேயே அது இரண்டாக அமைந்துவிட்டது. நூறில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்கும், ஆண்களுக்கு அதிகம்.

பலர் நடுவயது வரை தொந்தரவே இல்லாமல் இருப்பார்கள். பிறகு இதழில் கால்சியம் படிந்து வாசல் குறுகலாம். சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியலாம். எனக்கு வால்வைவிட அதற்கு மேலே உள்ள குழாய் மீதுதான் கண். இவர்களில் பலருக்குப் பெருநாடியின் சுவரும் பலவீனமாக இருக்கும். வலியே இல்லாமல் மெல்ல விரியும், ஒருநாள் கிழியவும் கூடும். ரிப்போர்ட்டில் பெருநாடியின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 55-ஐத் தொட்டால், வால்வு நன்றாக இருந்தாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பெருநாடி கிழிந்திருந்தாலோ, வேகமாக விரிந்துவந்தாலோ 50-லேயே. பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுங்கள். இது குடும்பத்தில் ஓடும்.

கேள்வி: எனக்கும் இதே வால்வுதான். ஜிம் போகலாமா?

பதில்: கசிவு, குறுக்கம், விரிவு மூன்றும் இல்லையென்றால் தாராளமாக. பெருநாடி விரிந்திருந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்குவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: 14 வயது மகளுக்கு பிரஷர் 160/100. ‘படிப்பு டென்ஷன்’ என்று மாத்திரை கொடுத்தார்கள். நடந்தால் கால் சோர்கிறது என்கிறாள்.

பதில்: இந்த வயதில் இவ்வளவு பிரஷரை டென்ஷன் மேல் போடக் கூடாது. அவள் காலில் யாராவது பிரஷர் பார்த்தார்களா? தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்த்தார்களா? இடது கைக்கான கிளை பிரிந்ததும், அந்த இடத்தை ஒட்டிப் பெருநாடி கயிறு கட்டி இறுக்கியதுபோல் குறுகியிருக்கலாம். கையில் பிரஷர் எகிறும், காலில் நாடி மங்கும். கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், இரண்டு விரல் போதும். அதைச் செய்யாமல் மாத்திரை எழுதுவதுதான் எனக்குக் கோபம். உறுதிசெய்ய எக்கோவும் சி.டி.யும்.

இருந்தால் சரிசெய்துவிடலாம். 1944-லேயே ஸ்டாக்ஹோமில் அறுவை சிகிச்சை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் குறுகிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துக் காட்டினார். இப்போது உங்கள் மகள் வயதில் பெரும்பாலும் தொடை வழியாக பலூனும் ஸ்டென்ட்டும் போதும். அதன்பிறகும் பிரஷர் தங்கலாம், ஆயுள் முழுக்கப் பரிசோதனை உண்டு. இந்தக் குறுக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு இதழ் வால்வும் சேர்ந்தே இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மகள் வயதுக்குக் குள்ளமாக இருந்து, இன்னும் வயதுக்கு வரவில்லை என்றால், டர்னர் குறைபாட்டுக்கான (பெண்களுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாதது) குரோமோசோம் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு இதழ் வால்வுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறேன். எத்தனை வருஷம்?

பதில்: அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல், அதாவது தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல், திரும்பாமல் இருக்க. பிறவி வால்வுக்கு அது தேவையில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய ருமாட்டிக் பாதிப்பும் இருக்கிறதா என்று இதய மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருங்கள். கிருமி அங்கிருந்துதான் அடிக்கடி வால்வுக்கு வருகிறது.

கேள்வி: வயது 26, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வால்வை மாற்ற வேண்டுமாம். எந்த வால்வு?

பதில்: உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும்; ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை, அது கருவைப் பாதிக்கக்கூடியது. திசு வால்வுக்கு அந்த மாத்திரை நீண்டகாலம் வேண்டாம். இளம் வயதில் சீக்கிரம் தேயும், பின்னால் இன்னொரு அறுவை சிகிச்சை வரும். குழந்தை வேண்டும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.