விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டிய க்யூடி (Qt, பல இயங்குதளங்களுக்கு மென்பொருள் எழுத உதவும் கருவித்தொகுப்பு) மென்பொருளுக்கு எந்த விட்ஜெட் ஸ்டைலை, அதாவது பொத்தான், பெட்டி போன்றவற்றின் தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஃபியூஷன். யோசிக்காமல் அதையே வைத்துவிடுங்கள். மேக் கணினிக்கும் எழுதுகிறீர்கள் என்றால் அங்கே மட்டும் அதன் சொந்த ஸ்டைலை விட்டு நகராதீர்கள். மேக் பயனர்களுக்கு ஒரு பொத்தான் இம்மி பிசகினாலும் பொறுக்காது.

பெங்களூரு பீன்யாவில் உள்ள பட்டறைகளுக்குத் தரச்சோதனைப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரே பட்டறையில் அலுவலக அறையில் விண்டோஸ் 11 இருக்கும், கிடங்கில் விண்டோஸ் 10 இருக்கும், கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று எண்ணெய் படிந்து கிடக்கும். நாம் ஸ்டைலைச் சொல்லாவிட்டால் க்யூடி அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்றதைத் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் அது விண்டோஸ்விஸ்டா. 2024-இல் வந்த க்யூடி 6.7 முதல் விண்டோஸ் 11-இல் புதிய விண்டோஸ்11 ஸ்டைல். அது வந்த புதிதில் ஸ்பின்பாக்ஸின் (எண்ணைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின்) ஏற்ற இறக்க அம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் அருகருகே உட்கார்ந்துகொண்டு இடத்தைத் தின்றன. அளவெடுத்து வைத்த சிறிய பெட்டியில் 24.985 என்ற விட்டம் 24.9 வரைதான் தெரிந்தால், அதை நம்பி யார் பொருளை அனுப்புவது?

அதைவிடப் பெரிய தொல்லை தொலைபேசியில் உதவுவது. "வலது மூலையில் சாம்பல் நிறப் பொத்தான் தெரிகிறதா அண்ணா?" என்று நான் கேட்பேன். "இங்கே எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது தம்பி" என்பார் ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் சூப்பர்வைசர். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே படிவத்துக்கு மூன்று முகம்.

ஃபியூஷன் 2012-இல் க்யூடி 5 உடன் வந்தது. இயங்குதளத்தின் தயவை எதிர்பார்க்காமல் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். அதனால் எங்கே ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொத்தானைச் சுற்றிக் கோடு இருக்கும், பொத்தான் பொத்தானாகத் தெரியும். இப்போதைய தட்டை வடிவங்களில் எது எழுத்து, எது பொத்தான் என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறம் மாற்ற ஆசை வந்தால் ஸ்டைல்ஷீட்டில் (தோற்ற விதிகளை எழுதும் பகுதியில்) கை வைக்காமல் பேலட்டை (நிறத் தொகுப்பை) மாற்றுங்கள். ஃபியூஷன் பேலட்டை முழுதாக மதிக்கும். விண்டோஸ்விஸ்டா பெரும்பாலும் இயங்குதளத்தின் தீம் (theme) என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து வரைவதால் நீங்கள் கொடுத்ததில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாது. ஸ்டைல்ஷீட்டில் ஒரு பொத்தானுக்குப் பின்னணியும் எல்லைக்கோடும் கொடுத்த கணமே அதன் இயல்பான தோற்றம் போய்விடும். அழுத்தும்போது, சுட்டி மேலே வரும்போது, முடக்கப்பட்டிருக்கும்போது என்று ஒவ்வொரு நிலைக்கும் நீங்களே எழுத வேண்டும். எழுத்தின் நிறத்தையும் கொடுத்துவிட்டு முடக்கப்பட்ட நிலையை எழுதாமல் விட்டால், வேலை செய்யாத 'சேமி' பொத்தான் உயிரோடிருப்பதுபோலவே காட்சி தரும். ஆபரேட்டர் அதைக் குத்திக் குத்திச் சலித்துப்போவார். பேலட்டில் முடக்க நிலைக்கென்றே தனி நிறங்கள் உண்டு.

இடைமுகம் தமிழில் என்றால் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள். ஆங்கிலத்தை வைத்து 22 பிக்சல் என்று உயரத்தைப் பூட்டிய பொத்தானில் 'புதிய பதிவு' என்று போட்டுப் பாருங்கள். பு, வு ஆகியவற்றின் கீழ்க்கால் அறுபடலாம், 'தி'யின் கொக்கி மேல்விளிம்பில் இடிக்கலாம். விண்டோஸில் நிர்மலா, லினக்ஸில் நோட்டோ அல்லது லோகித் என்று எழுத்துரு மாறும்போது அளவும் மாறும். ஸ்டைல் ஒன்றாக இருப்பது இதைச் சரிசெய்யாது. உயரத்தைப் பூட்டாமல் உறுப்புகளைத் தானே அளந்து அடுக்கும் லேஅவுட்டின் பொறுப்பில் விடுங்கள்.

நிரலைத் தொடாமலே ஒத்திகை பார்க்கலாம். கட்டளைவரியில் நிரல் பெயருக்குப் பின் '-ஸ்டைல் ஃபியூஷன்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து ஓட்டுங்கள். பைதான் என்றால் கட்டளைவரியில் சேர்த்த சொற்களை க்யூஅப்ளிகேஷனுக்கு (நிரல் முழுவதையும் நிர்வகிக்கும் க்யூடி பொருளுக்கு) அனுப்பியிருக்க வேண்டும், இல்லையேல் பலிக்காது. பிடித்திருந்தால், ஸ்டைலை நிரலிலேயே அமைக்கும் செட்ஸ்டைல் அழைப்பை, க்யூஅப்ளிகேஷனை உருவாக்கும் வரிக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்.