மஞ்சள் தாளும் உப்புத் தண்ணீரும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மஞ்சளைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு, துணி சோப்பு, அடுப்புச் சாம்பல், எலுமிச்சைச் சாறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தொட்டுப் பார்க்கிறாள். எது சிவந்தது, எது சிவக்கவில்லை என்று நோட்டில் எழுதியும் வைக்கிறாள். தடய அறிவியல் வேலைக்குத்தான் போவாளாம். "பொம்பளப் பிள்ளைக்குப் பொணம் அறுக்குற சோலி எதுக்கு?" என்கிறார் என் மாமியார். இந்த வயசு ஆர்வத்தை நம்பலாமா? என்ன படிக்கவைப்பது?

க., அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்: பிரேதப் பரிசோதனை செய்வது டாக்டர். தடய அறிவியல் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த வேதியியல் பிரிவுக்கு வருவது சீல் வைத்த பாட்டில்கள்தான்.

ஆர்வத்தைத் தாராளமாக நம்பலாம். சிவக்காததையும் எழுதிவைக்கிறாளே, அந்தப் புத்தி பெரியவர்களுக்கே லேசில் வராது. அவளிடம் ஒன்று கேளுங்கள்: வெறும் தண்ணீரில் ஒரு தாளை நனைத்துப் பார்த்தாளா? டம்ளரில் சோப்பு ஒட்டியிருந்தால் தண்ணீரே தாளைச் சிவக்கவைத்துவிடும். அப்புறம் சாம்பல்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் வேலையில் பாதி இதுதான். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைக் கெட்டுப்போகாமல் இருக்கப் பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவார்கள். கூடவே அதே கரைசலில் கொஞ்சம், உள்ளே எதுவும் போடாமல், தனிப் பாட்டிலில் வர வேண்டும். நஞ்சு உடம்பில் இருந்ததா, உப்போடு வந்ததா என்று வக்கீல் கேட்டால் பதில் அந்தப் பாட்டிலில் இருக்கிறது.

பூச்சிமருந்தும் அரளி விதையும் நம் பக்கத்தில் எத்தனை வீடுகளைக் குலைத்தன என்று உங்களுக்கே தெரியும். பூச்சிமருந்து குடித்ததைப் பார்த்தவரே சொன்னாலும் நாங்கள் எழுதிவிட முடியாது. பிரித்தெடுத்து, கலந்திருப்பதைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி தட்டில் ஏற்றி, தெரிந்த மருந்தின் புள்ளியோடு ஒப்பிடுவோம். புள்ளி ஒத்துப்போனாலும் போதாது. கருவியிலும் போட்டு உறுதிப்படுத்துவோம். ஓர் ஆள் ஜெயிலுக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பது அந்த அறிக்கையில் இருக்கிறது. அவசரப்பட நமக்கு உரிமையில்லை.

லஞ்ச வழக்குகளில் ரூபாய் நோட்டில் பினாப்தலீன் தூளைத் தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் சோடியம் கார்பனேட் கரைசலில் கை நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். மஞ்சள் தாளைச் சிவக்கவைக்கிற அதே காரத்தின் வேலைதான். அங்கேயும், கை நனைக்கும் முன் கரைசல் நிறமில்லாமல் இருந்ததைச் சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு, பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல். பிளஸ் டூ முடித்ததுமே தடய அறிவியல் பட்டம் தேடி ஓட வேண்டாம் என்பேன். வேதியியலில் கை பழகியவளுக்கு மருந்துக் கம்பெனி, உணவுப் பரிசோதனை என்று வேறு வழிகளும் உண்டு. பாளையங்கோட்டையிலேயே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் வேர், 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். இன்று திருநெல்வேலியிலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது. இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும்.

அதற்கெல்லாம் வருஷங்கள் இருக்கின்றன. இப்போதைக்குக் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். நோட்டில் தேதியும் போடச் சொல்லுங்கள். சுண்ணாம்பில் கவனம் வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.