கோயாவின் குவிமாடத்தைக் கழுத்து வலிக்காமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: மாட்ரிட்டில் ஒரு பிற்பகல் மட்டும் கையில் இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் கோயா சுவரோவியம் தீட்டிய அரச தேவாலயத்துக்குப் போகலாமா? எனக்குக் கழுத்து வலி உண்டு, அண்ணாந்து நிற்பது சிரமம்.

பதில்: கட்டாயம் போங்கள். ஸான் அன்டோனியோ தெ லா ஃப்ளோரிதா சிறிய கட்டடம்தான், ஒரு மணி நேரம் போதும். பிரின்சிபே பியோ மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். அனுமதி இலவசம். திங்கட்கிழமை விடுமுறை. அங்கே ஒரே மாதிரி இரண்டு தேவாலயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மெழுகுவர்த்திப் புகையால் ஓவியம் கெடுகிறது என்று 1928-இல் வழிபாட்டுக்காகவே இரண்டாவதைக் கட்டினார்கள். அதற்குள் நுழைந்துவிட்டு ஓவியத்தைத் தேடாதீர்கள்.

உள்ளே போனதும் குவிமாடத்தைப் பார்க்க அவசரப்பட வேண்டாம். கீழே உள்ள வளைவுகளிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாகக் குவிமாடத்தில் வானுலகம் இருக்கும், மனிதர்கள் கீழே இருப்பார்கள். கோயா 1798-இல் இதைத் தலைகீழாக்கினார். திரைச்சீலையை விலக்கிப் பிடிக்கும் பெண் தேவதைகள் கீழே நிற்க, மாட்ரிட் தெருவில் பார்க்கும் சாதாரண ஜனங்கள் மேலே வந்துவிட்டார்கள். கீழிருந்து மேலே போனால் உங்கள் கழுத்துக்கும் நல்லது, ஓவியமும் புரியும்.

குவிமாடத்தின் விட்டம் சுமார் 6 மீட்டர். கொலைப் பழி சுமந்த தன் தந்தையைக் காப்பாற்ற, புனித அந்தோணியார் செத்தவனை எழுப்பிச் சாட்சி சொல்லவைக்கும் காட்சி அது. ஓவியத்தில் சுற்றிலும் தீட்டியிருக்கும் கைப்பிடிக் கம்பியைத் தொடர்ந்து கண்ணால் ஒரு சுற்று வாருங்கள். அற்புதத்தைக் கவனிக்காமல் கம்பியில் ஏறும் சிறுவர்களை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், புனிதரைவிட அவர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். மார்புக்கு நேரே படுக்கையாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால் குவிமாடம் தெரியும், இடவலம் மட்டும் மாறியிருக்கும். அதோடு 8 மடங்கு பெருக்கும் சிறிய பைனாகுலரும் இருக்கட்டும். அதில் ஒரு முகத்தை மட்டும் பாருங்கள். தூரத்தில் முழு முகமாகத் தெரிந்தது, கிட்டத்தில் நாலைந்து தடித்த தீற்றல்களாகப் பிரிந்துவிடும். ஈரச் சாந்தில் கீறிய கோடுகளும் சில இடங்களில் தெரியும்.

இப்படித் தடித்த தீற்றல்களாக வேகமாகத் தீட்டியதற்குக் காரணம் சாந்துதான். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. காய்ந்துவிட்டால் பிடிக்காது. அதனால் அன்றன்றைக்கு முடிக்கும் அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். கோயா காய்ந்த பிறகும் நிறையத் தொட்டுத் திருத்தினார். அந்தப் பூச்சுக்குச் சுண்ணாம்பின் பிடி கிடையாது. ஈரமும் உப்பும் சுவரில் ஏறினால் முதலில் உதிர்வது அதுதான்.

பலிபீடத்துக்கு முன்னால் கோயாவின் கல்லறை இருக்கிறது. அவருடைய எலும்புகளை 1919-இல் இங்கே கொண்டுவந்தார்கள், மண்டையோடு மட்டும் கிடைக்கவே இல்லை. ஜூன் 13 அந்தோணியார் திருநாள், கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.