அம்மாவின் வேத நோட்டுகளைப் பெண்களுக்கான தியானப் புத்தகமாக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுவதற்காக அம்மா ஆண்டுக்கணக்கில் எழுதிய நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. 365 நாள் தியான நூலாகப் போட ஆசை. எங்கே தொடங்குவது?

365ஐ இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் புத்தகத்துக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களே போதும். அச்சகக் கணக்கும் அதற்குத்தான் ஒத்துவரும். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை 46 நாள். நாளுக்கு இரண்டு பக்கம் என்றால் 92. முன்னால் தலைப்பு, உரிமைப் பக்கம், அம்மாவைப் பற்றிய குறிப்பு என மூன்று, கடைசியில் ஒன்று. ஆக 96, சரியாக ஆறு ஃபாரம். முதல் நாள் 4ஆம் பக்கத்தில் தொடங்குவதால் ஒவ்வொரு நாளும் இடது, வலது என எதிரெதிர்ப் பக்கங்களில் விழும். வாசிப்பவர் நடுவில் தாளைத் திருப்ப வேண்டியதில்லை.

லெந்து 40 நாள்தானே என்று 40 மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. அது ஞாயிறுகளைக் கழித்த கணக்கு. வாசிக்கிற அம்மாமார் கழிக்கமாட்டார்கள். முதல் ஞாயிறே ‘இன்றைக்கு எந்தப் பக்கம்?’ என்று குழம்பும். தலைப்பில் தேதியும் போடாதீர்கள். ‘முதல் வாரம், வியாழன்’ என்று போட்டால் மிஞ்சிய பிரதிகள் அடுத்த ஆண்டும் போகும்.

இனி நோட்டுகள். உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள்: அம்மா தானாக எழுதியவை, பிரசங்கத்தில் கேட்டுக் குறித்தவை, பத்திரிகையிலிருந்தோ வேறு புத்தகத்திலிருந்தோ பார்த்து எழுதியவை. மூன்றாவதை அச்சில் கொண்டுவரவே கூடாது. எது எது என்று அம்மாவுக்கே நினைவில்லாமல் போயிருக்கலாம், நடை காட்டிக்கொடுத்துவிடும். ‘நம்ம வீட்ல பால் பொங்கி வழியுறப்ப’ என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று ‘பிரியமானவர்களே, இன்றைய நவீன உலகிலே’ என்று மாறினால் அந்த இடம் கடன் வாங்கியது. பிரசங்கக் குறிப்பில் கருத்தை எடுத்துக்கொண்டு முழுதும் புதிதாக எழுதுங்கள். நடுநடுவே பிறருடைய ஜெப விண்ணப்பங்களும் இருக்கும்: இன்னார் மகளுக்குக் குழந்தையில்லை, இன்னார் வீட்டுக்காரர் குடிக்கிறார். பெயரை மாற்றினாலும் சபையில் நாலு பேருக்கு ஆள் தெரிந்துவிடும். உரியவரிடம் கேட்காமல் ஒன்றையும் சேர்க்காதீர்கள்.

கீர்த்தனை வரிகள் வருமானால், இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு காப்புரிமை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், அவர் பாட்டுக்குத் தடையில்லை. இன்றைய ஆராதனைப் பாடல்களுக்கு அனுமதி வேண்டும்.

பெண்களுக்கான தியான நூல்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். நீதிமொழிகள் 31இன் குணசாலியான ஸ்திரீயையே சுற்றிச் சுற்றி வந்து மனைவிக்கும் தாய்க்கும் மட்டும் பேசிவிட்டு முடிந்துபோகும். விதவை, கல்யாணமாகாதவர், பிள்ளையில்லாதவர் ஆகியோருக்கு ஒரு பக்கமும் இராது. 46 நாளுக்கும் ஓர் அட்டவணை போட்டு, எந்த நாள் யாருக்கு என்று எதிரே எழுதிப் பாருங்கள், ஓட்டை தெரிந்துவிடும். ஆகார், சொத்தில் பங்கு கேட்ட செலொப்பியாத்தின் குமாரத்திகள் (எண்ணாகமம் 27), பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டால் அவதிப்பட்டவள் (மாற்கு 5) என்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு நாளை எப்படிக் கட்டுவது? 2 இராஜாக்கள் 4:1-7 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கணவன் இறந்துபோனான், கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். ‘தேவன் நம் தேவைகளைச் சந்திப்பார்’ என்று தொடங்கினால் அந்தப் பக்கம் அங்கேயே செத்தது. திங்கட்கிழமை காலை, குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய பெண் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதில் தொடங்குங்கள். பிறகு கதையில் ஒரே ஒரு விவரத்தில் நில்லுங்கள்: தீர்க்கதரிசி எலிசா அவளைப் பாத்திரம் இரவல் கேட்டு அண்டை வீடுகளுக்கு அனுப்புகிறான். கடனில் தவித்தவள் வீடுவீடாகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இருந்த ஒரு குடம் எண்ணெயை ஊற்ற ஊற்ற அவை நிறைந்தன, பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றது. அதை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தில் பிழைக்கச் சொன்னான் எலிசா. முடிவில் ஜெபம் மூன்று வரி, எழுதிக்கொள்ள ஒரு கேள்வி: ‘என் கஷ்டம் தெரிந்த வீடு எது?’ அவ்வளவே.

அளவு கறாராக இருக்கட்டும். டெம்மி 1/8 (5.5 x 8.5 அங்குலம்) பக்கத்தில் 12 புள்ளி எழுத்து, 17 புள்ளி வரி இடைவெளி வைத்தால், எழுத்துருவைப் பொறுத்துப் பக்கத்துக்கு ஏறக்குறைய 150 சொல்தான் கொள்ளும். தலைப்பு, வசனம், ஜெபம், எழுதும் கோடுகள் போகத் தியானத்துக்கு இரண்டு பக்கத்திலும் சேர்த்து 180 முதல் 200 சொல். கூடிப்போனால் எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தை வெட்டுங்கள். வாசிக்கப்போகிற பலருக்கு வெள்ளெழுத்து.

வசனத்துக்கு ஒரே மொழிபெயர்ப்பு. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே வாசகர் என்றால் பரிசுத்த வேதாகமம். கத்தோலிக்கர் என்றால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கலந்தால் ஒரு பக்கத்தில் சாராள், மறுபக்கத்தில் சாரா. இங்கே பரிசுத்த ஆவி, அங்கே தூய ஆவி. எத்தனை வசனம் எடுக்கிறீர்கள் என்று பட்டியலிட்டு, உங்கள் பிரதியின் உரிமைப் பக்கத்தில் பெயருள்ள அமைப்புக்கு எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். வசனத்தின் முன்பின்னும் முக்கியம். எரேமியா 29:11க்கு முந்தின வசனமே சிறையிருப்பு எழுபது வருஷம் என்கிறது. ‘நாளைக்கே நன்மை’ என்று எழுத அது இடம் தராது. ரூத் 1:16 (‘உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்’) கல்யாணப் பத்திரிகைகளில் வரும், ஆனால் அதைச் சொன்னது மருமகள், கேட்டது மாமியார். பெண்கள் புத்தகத்துக்கு அது எவ்வளவு நல்ல பக்கம்!

தட்டச்சை யூனிகோடில் செய்யுங்கள். பக்கம் கட்டும் மென்பொருளான இண்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும். அச்சகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால், மாற்றிய பிறகு முழுதும் ஒரு மெய்ப்பு பார்க்க வேண்டும். ‘ஸ்திரீ’யும் ‘க்ஷ’வும் உடைவது அங்கேதான். வசனங்களுக்குத் தனி மெய்ப்பு: ஒருவர் அச்சு வேதாகமத்தைப் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவர் பக்கத்தில் சரிபார்க்கட்டும். செயலியிலிருந்து நகலெடுத்ததை அப்படியே நம்பாதீர்கள்.

தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ, இளமஞ்சள் நிறம் கண்ணுக்கு இதம். 60இல் பின்பக்க எழுத்து தெரியும், ஜெல் பேனா ஊறும். அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். 96 பக்கத்துக்கு நடுமடிப்பில் அடிக்கும் சென்டர் பின் போதும், மேசையில் விரித்தால் விரிந்தபடி கிடக்கும். ஆனால் மடித்த 24 தாள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால் உள்தாள்கள் சுமார் 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். வெட்டும்போது நடுப்பக்க ஓரம் குறையும். வெளி ஓரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். பின்னாளில் நாளுக்கு ஒரு பக்கமாக 365 நாள் நூல் போட்டால் 384 பக்கம், 24 ஃபாரம். அதற்கு ஃபாரம் தையல் கேளுங்கள். வெறும் பசை பைண்டிங் தினமும் திறந்தால் ஆண்டு முடியுமுன் முதுகு பிளக்கும்.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பிக்கலாம். வெளியிட்ட 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் கடமை.

2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. டிசம்பரில் காலண்டர், டைரி வேலை அச்சகங்களை அடைத்துக்கொள்ளும். ஆகவே நவம்பர் முதல் வாரத்தில் இறுதிக் கோப்பைக் கொடுங்கள், ஜனவரி பாதியில் கட்டுகள் வீட்டில் இருக்க வேண்டும். தபாலுக்கு, 2025 மே முதல் வந்திருக்கும் அஞ்சல் துறையின் புத்தகச் சேவையான ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை வரி தனியாக ரூ.20. இந்த அளவுப் புத்தகம் ஏறக்குறைய 120 கிராம். உறை கனமில்லாததாக இருந்தால் ஒரே கட்டணத்தில் இரண்டு பிரதி போகும்.